ஏனென்று கேட்கும் தாய்க்கு விடை எங்கே?

சென்ற கிழமை இரத்மலானையிலிருந்து இளந் தம்பதியர் நம்மைக் காண வந்தனர். கணவர் அங்குள்ள தொழிற்சாலையொன்றிற் கூலிக்கு வேலை செய்பவர். மனைவிக்கு வயது இருபத்தாறு. தலைப்பிள்ளையைச் சுமந்து, எட்டு மாதமுங் கடந்து, பேறுகாலத்தை எண்ணியிருந்தவர். வெறுங்கையோடு வீடு திரும்பி இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. வைத்தியசாலையிலே வெட்டிக் கொடுத்த துண்டு அவர் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. அவற்றுள்ளும் பாதி எழுத்துச் சுருக்கங்கள். அதை மேசையின்மேல் வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்னது இவ்வளவே: “எனக்குக் காசு வேண்டாம், ஐயா. ஆரையும் மறியலுக்கு அனுப்பவும் வேண்டாம். என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு ஆராவது சொன்னாற் போதும்.”

இருபது ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் நாம் இதனினும் நியாயமான முறைப்பாடொன்றைக் கேட்டதில்லை. இதனினும் சட்டத்தின் கைக்கு எட்டாத முறைப்பாட்டையுங் கேட்டதில்லை.

நடந்ததென அவர்கள் கூறியதைச் சுருக்கித் தருகிறோம். ஒரு மாலைப் பொழுதில் வயிற்றிற் பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டதை அந்தப் பெண் உணர்ந்தார். முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்குச் சென்றனர். கணவரை வாட்டுக்குள்ளே விடவில்லை. உள்ளே இருந்த தாதியருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சிங்களத்தில் நாலைந்து சொல்லுக்குமேல் தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டித் தலையை அசைத்தார். நோவு இல்லை என்கிறாள் என்று அவர்கள் கொண்டார்கள் போலும். படுத்திருக்கச் சொன்னார்கள். விடிந்து வைத்தியர் வந்து பார்த்தபொழுது பிள்ளையின் நாடித் துடிப்பு இல்லை. மூன்றாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினார்கள்.

இது ஒரு தரப்பார் சொன்ன கதை என்பதை நாம் மறக்கவில்லை. மறுதரப்பைக் கேளாது தீர்ப்புரைத்தல் ஆகாது என்பது நாம் கற்ற சட்டத்தின் முதற் பாடம். ஆதலின் அந்த வைத்தியசாலையின் பெயரை இங்கு எழுதவில்லை. அன்றிரவே அவர் சொன்னது விளங்கியிருந்தாலும் அப்பிள்ளை பிழைத்திருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆயினும், பிழைத்திருக்கக் கூடுமா என்ற கேள்விக்கு விடை தேட எவரும் முற்படவில்லை என்பதும், தேடியிருந்தால் அவ்விடை தாய்க்கு உரைக்கப்படவில்லை என்பதும் அந்தத் துண்டைப் பார்த்த அளவிலே வெளிப்படை. இவ்வாரம் நாம் எழுதப் புகுவது அதுபற்றியே.

கருவில் உயிர் இழக்கும் துயரம் அரிய துயரமன்று. தெரிந்துகொண்ட கர்ப்பங்களுள் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரை ஆரம்ப மாதங்களிலேயே கலைந்துபோகின்றன என மருத்துவம் கூறுகிறது. அவ்வாறு கலைவனவற்றுட் பாதியளவுக்குக் கருவின் நிறமூர்த்தங்களில் உண்டாகும் பிழையே காரணம். தாய் பாரம் தூக்கியதோ, படியேறியதோ, எதையோ உண்டதோ, எவர் மீதோ கோபப்பட்டதோ காரணமன்று. இருபத்தெட்டு வாரம் நிறைந்தபின் உயிரின்றிப் பிறக்கும் பிள்ளைகளை ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் எண்ணி வருகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் அவ்வாறு பிறந்தவை ஏறத்தாழ 19 இலட்சம். அவற்றுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை பிரசவ வேதனை தொடங்கியபின், அதாவது உதவிக்கு ஆள் அருகில் இருந்திருக்க வேண்டிய வேளையில், இறந்தவை.

இவ்விரண்டாம் வகை இழப்பிலேதான் பொறுப்பென்னும் கேள்வி எழுகிறது. தாயின் குருதியழுத்தம், நீரிழிவு, தொற்றுநோய், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிடுதல், பிள்ளை வளராது குன்றுதல், வேதனை அளவுக்குமேல் நீளுதல் ஆகிய காரணங்கள் பலவற்றை முன்னறியலாம், சிலவற்றைத் தடுக்கலாம். முன்னறியும் வழிகளுள் மிக எளியது தாயின் சொல். பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னால், அதை உடனே சோதித்துப் பார்க்க வேண்டிய எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும் என்பது இன்று எங்குங் கைக்கொள்ளப்படும் வைத்திய முறை. அந்த எச்சரிக்கையை எந்தக் கருவியும் தாயைவிட முந்தித் தருவதில்லை. அவள் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியமே அக்கருவி. அவ்வாக்கியம் விளங்காத இடத்திற் கருவி பழுதாகிக் கிடக்கிறது.

நமது நாடு இத்துறையில் தாழ்ந்த நாடன்று. 1930ஆம் ஆண்டுகளில் உயிருடன் பிறந்த இலட்சம் பிள்ளைகளுக்கு இரண்டாயிரம் தாய்மார் என்ற அளவிற் பிரசவத்தில் மாண்டனர். இன்று அத்தொகை முப்பதையொட்டி நிற்கிறது. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய முதலாவது சுகாதாரப் பகுதியும், ஊர் ஊராக நடந்து வீட்டுப் படியேறிய மருத்துவமாதரும், காசு வாங்காத அரசாங்க வைத்தியசாலைகளும் இவ்வெற்றிக்கு அடிப்படை. இன்னுமொரு காரணம் உண்டு. தாய் ஒருத்தி இறந்தால் அம்மரணத்தை அறிவிக்கவேண்டும், ஏன் இறந்தாள் என்று ஆராயவேண்டும் என்ற ஒழுங்கை இந்நாட்டு வைத்தியத்துறை தானே ஏற்படுத்திக்கொண்டது. ஒவ்வொரு சாவையும் நோக்கி ‘ஏன்’ என்று கேட்டதனாலேயே அடுத்த சாவு தடுக்கப்பட்டது. சிங்களத் தாதியரும் தமிழ் வைத்தியரும், தமிழ் மருத்துவமாதரும் சிங்கள வைத்தியரும் சேர்ந்து ஆற்றிய தொண்டு அது. அதைக் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம்.

ஆயின் அந்த ‘ஏன்’ வைத்தியத்துறையின் அறைக்குள்ளேயே கேட்கப்பட்டு அங்கேயே விடை பெறுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் காதுக்கு அது வருவதில்லை. வரவேண்டுமென்பதே நமது கோரிக்கை.

மொழி விளங்காமையால் வரும் கேடு என்னவென்பதற்குப் பிரான்சு தேசத்து வழக்கொன்றைக் காட்டுவோம். 1991ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி லியோன் நகரப் பொது வைத்தியசாலைக்கு, ஆறாம் மாதக் கர்ப்பிணியான வோ என்னும் குடும்பப் பெயருடைய பெண்ணொருவர் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றார். அவர் வியட்நாமிய வழியினர். அதே நாளில் அதே பெயருடைய வேறொரு பெண், கருத்தடைக்கென வைக்கப்பட்ட வளையத்தை எடுப்பிக்க வரவிருந்தார். வைத்தியர் பெயரைச் சொல்லி அழைத்தார். கர்ப்பிணி எழுந்து சென்றார். அவருக்குப் பிரெஞ்சு மொழி சரியாக விளங்கவில்லை என்பதை வைத்தியர் கண்டுகொண்டார். கண்டும், பரிசோதியாமலே மற்றவளின் ஏட்டைப் பார்த்து, இல்லாத வளையத்தை எடுக்க முயன்றார். பனிக்குடம் கிழிந்தது. சில நாட்களில் அக்கர்ப்பம் முடிவுற்றது.

அந்தத் தாய் நீதி தேடிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். முதல் நீதிமன்றம் வைத்தியரை விடுதலை செய்தது. மேல்மன்றம் குற்றவாளியெனக் கண்டது. 1999இல் பிரான்சின் உச்ச மன்றம், கருவிலிருக்கும் சிசு குற்றவியற் சட்டத்தின்படி ‘ஆள்’ அன்று என்று கூறி அதைத் தள்ளியது. 2004 யூலை 8ஆந் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், பதினான்கு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, பிரான்சு அரசு அவருடைய உரிமையை மீறவில்லை என்று தீர்த்தது. நட்டஈட்டு வழக்குக்கான வாயில் அவருக்குத் திறந்தே இருந்தது என்பது அம்மன்றத்தார் காட்டிய காரணங்களுள் ஒன்று.

கரு ஆளா, ஆளன்றா என்ற தத்துவ விசாரத்தில் நீதிபதிகள் மூழ்கினர். அவ்வழக்கின் வேர் அத்தனை ஆழத்தில் இல்லை. “நீ எதற்காக வந்தாய்?” என்னும் எளிய வினாவை அவளுக்கு விளங்கும் மொழியிற் கேட்க அங்கு எவரும் இருக்கவில்லை. அவ்வளவே. உலகப் புகழ் பெற்ற வைத்தியசாலையொன்றில், தேர்ந்த வைத்தியரொருவர் கையில், ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாமையால் ஓருயிர் அழிந்தது.

நமது சட்டம் இரத்மலானைத் தாய்க்கு என்ன தருகிறது? அதையுஞ் சொல்லவேண்டும்; பொய் நம்பிக்கை ஊட்டுவது சட்டத்தரணிக்கு அழகன்று. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, கருவிலிருக்கும் பிள்ளையின் மரணம் மனிதக் கொலை ஆகாதெனத் தன் விளக்கத்திலேயே உரைக்கிறது. ஆகவே பிரான்சுத் தாய் முட்டிய சுவரே இங்கும் நிற்கிறது. குடியியல் வழக்கோவெனின் நாம் பின்பற்றுவது உரோமன் டச்சுச் சட்டம். வைத்தியக் கவலையீனம்பற்றி இந்நாட்டில் எழுந்த பெருவழக்கு, பிரியானி சொய்சா எதிர் ரியன்சி அர்சகுலரத்ன என்பது. தம் சிறு மகளை இழந்த தந்தையார் தொடுத்த அவ்வழக்கில் மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையைப் பெரிதுங் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், வைத்தியரின் குறையே மரணத்துக்குக் காரணம் என்ற தொடர்பு நிறுவப்படவில்லை என்று கண்டு வழக்கையே தள்ளியது. அதனோடு, பிள்ளையின் தோழமையை இழந்த துயருக்கு நமது சட்டம் பணத்தால் ஈடு தருவதில்லை என்ற நிலையையும் அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது.

அத்தீர்ப்பை நாம் குறைகூற வரவில்லை. அது உள்ள சட்டத்தை உள்ளபடி கூறியது. ஆனால் அதன் பொருள் என்ன? பிறந்து வளர்ந்த பிள்ளையை இழந்த பெற்றோரின் கண்ணீரையே நிறுக்கத் தராசில்லாத சட்டம், பிறவாத பிள்ளைக்காக அழுபவளுக்கு என்ன நிறுத்துக் கொடுக்கும்? அவளுடைய சொந்த உடலுக்கு நேர்ந்த ஊறுக்கு அவள் வழக்காடலாம். அதற்கும் இரண்டாண்டுக் காலவரையறை உண்டு. நிபுணர் சாட்சி வேண்டும். தம் தொழிலைச் சேர்ந்தவருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற நிபுணர் எளிதில் இசைவதில்லை. பணமுள்ளவர் பத்தாண்டு பொறுக்கலாம். தொழிற்சாலைக் கூலியாளின் மனைவி என்ன செய்வாள்?

இங்கேதான் அரசியலமைப்பை எடுத்துப் பார்க்கவேண்டியுள்ளது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தால் அமைந்த 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும், அரசாங்க உத்தியோகத்தர் எவருடனும் தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்றவும், பேசிய மொழியிலேயே மறுமொழி பெறவும், தனக்கு வழங்கப்படும் ஆவணத்தை அம்மொழியிலோ அதன் மொழிபெயர்ப்பிலோ பெறவும் ஒருவருக்கு உரிமை அளிக்கிறது. அரசாங்க வைத்தியசாலையின் தாதியும் வைத்தியரும் உத்தியோகத்தர் அல்லரா? துண்டு ஆவணம் அன்றா? இவ்வுரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஒரு மாதம்! பிள்ளையைப் புதைத்த தாய்க்கு நினைவு தெளியுமுன் அக்காலம் கழிந்துவிடும். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அரச சேவையிற் சேர்வோர் மற்ற மொழியையுங் கற்றுத் தேறவேண்டுமென 2007இலேயே சுற்றறிக்கை பிறந்தது. கடதாசியிலே நாம் ஏழைகள் அல்லேம்.

1961ஆம் ஆண்டு பெப்ரவரியிலே நம்மவர் கச்சேரி வாயில்களில் அமர்ந்து சத்தியாக்கிரகஞ் செய்தது எதற்காக? கச்சேரிக் கடிதம் தமிழில் வரவேண்டும் என்பதற்காக. கச்சேரிக் கடிதம் ஒரு கிழமை பிந்தினாலும் உயிர் போகாது. பிரசவ வாட்டில் ஒரு சொல் ஓரிரவு பிந்தினால் உயிர் போய்விடும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக மொழியுரிமை என்று மேடைதோறும் முழங்கிய நாம், வைத்தியசாலைக் கட்டிலருகே அந்த உரிமை எந்த நிலையிற் கிடக்கிறது என்று சென்று பார்த்தோமா? இக்கேள்வி அரசாங்கத்தை மட்டுமன்றி நம்மையுஞ் சுடுகிறது.

தமிழில் மருத்துவத்தை விளக்கச் சொற்கள் இல்லை என்பார் சிலர். மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் கிறீன், 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழிலே தந்தார். மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அன்று ஒரு நூலுக்குப் போதியதாயிருந்த மொழி இன்று ஒரு துண்டுக்குப் போதாதா?

இன்னொன்றுங் கூறவேண்டும். இரத்மலானை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் வாழும் நம் பெண்கள் பொது இடத்திற் குரலைத் தாழ்த்திப் பேசுவது வெறுங் கூச்சத்தால் வந்ததன்று. 1958ஐயும் 1983ஐயும் கண்ட குடும்பங்கள் அவை. நாவிலே தமிழ் எழுந்தால் உயிருக்கு ஆபத்து என்ற நாட்களைத் தாய் மகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறாள். அந்த அச்சம் பேறுகாலக் கட்டிலிலும் அவள் வாயைக் கட்டுகிறது. “எனக்கு விளங்கவில்லை, விளங்குகிறவரை அழையுங்கள்” என்று கேட்க அவள் கூசுகிறாள். கேளாமலே கொடுக்கப்படவேண்டிய உரிமை இது.

அப்படியாயின், மொழி ஒன்றானால் எல்லாஞ் சரியாகிவிடுமா? ஆகாது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் மன்னார்ப் பொது வைத்தியசாலையில் ஒரு தாயும் அவர் சிசுவும் பிரசவத்தின்போது உயிரிழந்தனர். அவ்வாண்டு யூலையிலும் அங்கே பிள்ளை பெற்ற இளந்தாய் ஒருவர் இறந்திருந்தார். மக்கள் வைத்தியசாலை வாயிலிலே திரண்டனர், பொலிசார் வந்தனர், விசாரணைக்குக் கட்டளையிடப்பட்டது. மன்னாரிலே பேசப்படுவது தமிழே. ஆகவே, மொழி கதவைத் திறக்கும். உள்ளே பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும். எவரும் முன்வந்து, “நடந்தது இது, எமக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு” என்று கூறாத இடத்தில் வதந்தி புகுகிறது. வதந்தியின் பின்னே கல் பறக்கிறது. வைத்தியசாலை ஊழியர்மீது கையோங்குவதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். இரவு பகலாக ஒருவர் மூவர் வேலையைச் செய்யும் வாட்டுகள் அவை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப்பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டே போய்விட்டனர். ஆயினும் மௌனம் வைத்தியரைக் காப்பதில்லை. அவருக்கு எதிரான சந்தேகத்தையே அது வளர்க்கிறது.

தவறு வேறு, கவலையீனம் வேறு, விதிவசம் வேறு. மூன்றும் ஒரே மௌனத்துக்குள் மூடப்படும்போது நல்ல வைத்தியரும் பொல்லாதவரும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். இங்கிலாந்திலே 2014ஆம் ஆண்டு தொட்டு, சிகிச்சையில் நோயாளிக்குப் பாரதூரமான கேடு நேர்ந்தால் அதை மறையாது கூறி வருத்தந் தெரிவிப்பது வைத்தியசாலைகளுக்குச் சட்டக் கடமையாக்கப்பட்டுள்ளது. அங்கே 2018 முதல், பிறக்குமுன்னோ பிறந்தவுடனோ இறந்த பிள்ளையைப் பற்றிய ஆய்வில் பெற்றோரின் கேள்விகளையுஞ் சேர்த்து விடை காணும் முறை நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில், வருந்துகிறேன் என்று கூறுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என 2002ஆம் ஆண்டுச் சட்டம் உரைக்கிறது. வழக்குக்கு அஞ்சி வாய் மூடும் வைத்தியருக்கு அது கவசம். வாய்ச்சொல் ஒன்றுக்கு ஏங்கும் தாய்க்கு அது மருந்து.

ஆதலின் அரசாங்கத்தின் முன்னும் நாடாளுமன்றத்தில் உள்ள நம் பிரதிநிதிகள் முன்னும் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது: தமிழ் பேசுவோர் செல்லும் ஒவ்வொரு பிரசவ விடுதியிலும், இரவு முறையிலும், தமிழறிந்த ஒருவரேனும் கடமையில் இருத்தல் வேண்டும். இயலாத இடத்திலே தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் ஏற்பாடு வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத வீடில்லாத இக்காலத்தில் இது பெருஞ் செலவன்று. துணைவரை வெளியே நிறுத்திவிட்டு, மொழியறியாத் தாயைத் தனியே விடும் வழக்கம் ஒழியவேண்டும்.

இரண்டாவது: துண்டும் ஆய்வு முடிவும் தாயின் மொழியில், எழுத்துச் சுருக்கமின்றிக் கொடுக்கப்படல் வேண்டும். சிசுவின் உடலையும் நஞ்சுக்கொடியையும் பரிசோதித்தாற் காரணம் தெரியக்கூடும், ஒருவேளை தெரியாமலும் போகலாம் என்று பெற்றோருக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைத்துச் சம்மதங் கேட்கவேண்டும். விளங்காத கடதாசியில் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது.

மூன்றாவது: உண்மையை உரைக்கும் கடமையும், வருத்தந் தெரிவித்தவருக்குப் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் இயற்றப்படல் வேண்டும். 22ஆம் உறுப்புரை அரச உத்தியோகத்தரையே கட்டுவது. இச்சட்டமோ தனியார் வைத்தியசாலைகளையுங் கட்டவேண்டும். காசு கொடுத்தவளின் கண்ணீர் வேறு நிறமுடையதன்று.

நான்காவது: உயிருள்ள பிள்ளை பிறந்தாற் தனியார்துறைப் பெண்ணுக்கு 84 நாள் விடுமுறை, உயிரின்றிப் பிறந்தால் 42 நாள். ஆரம்ப மாதங்களிற் கரு கலைந்தவளுக்கென அச்சட்டங்களில் தனியே ஓர் ஏற்பாடு இல்லை. இந்தியா 1961ஆம் ஆண்டிலேயே கருச்சிதைவுக்கு ஆறு வார விடுமுறை வழங்கியது. நியூசிலாந்து 2021இல் கணவனுக்கும் மனைவிக்கும் மூன்று நாள் துக்க விடுமுறை அளித்தது. நமது சட்டமுந் திருந்தவேண்டும்.

இவை நாளைக்கு நடப்பன. இன்றைக்கு என்ன செய்வது? துண்டையும் கிளினிக் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். எந்நேரம் சென்றோம், எவரிடம் என்ன சொன்னோம் என்பதை மறக்குமுன் எழுதி வையுங்கள். அரசாங்க வைத்தியசாலையிலுள்ள தம் சொந்த மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் வழி தருகிறது. தமிழிலே எழுதிக் கேளுங்கள். நம் கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றும் சிங்களமுந் தமிழும் அறிந்த பெண்கள் இருவர் பெயரையாவது எழுதி, பேறுகாலத்தில் எந்நேரமும் அழைக்கத்தக்கவர்களாக அறிவிக்கவேண்டும். மாநாட்டுத் தீர்மானம் பத்தினும் இத்தொண்டு மேலானது.

இறுதியாக நமது வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. அந்தத் தாய் நம்மிடம் இன்னொன்றுஞ் சொன்னார். மூன்றாம் நாள் மார்பிலே பால் கட்டி நின்றதாம். பிள்ளை இல்லை என்பது உடலுக்குத் தெரியாது. அந்நோவோடு வீட்டுக்கு வந்தவரை உறவினர் சிலர், “நீ ஓடி ஆடித் திரிந்ததால் வந்த வினை” என்றனர்; ஒருவர் சாதகத்தை எடுத்து வரச் சொன்னாராம். வைத்தியசாலையில் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. வீட்டிலோ பொய்ப் பதில் கிடைத்தது. காரணம் சொல்லப்படாத சாவுக்கெல்லாம் பெண்ணையே காரணமாக்குவது நமது பழைய கொடுமை. வைத்தியசாலையின் மௌனம் இக்கொடுமைக்குத் துணைபோகிறது. மாமியாரே, மைத்துனியரே, அயலவரே, அவள் பிழையன்று என்று சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் அருகில் இருந்து ஒரு வாய் சோறு ஊட்டுங்கள். கணவன்மாரே, உங்கள் துயரை மறைத்து வேலைக்குப் போய்விடாதீர்கள். அவளோடு இருந்து அழுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் அப்பெயரைச் சொல்ல அஞ்சாதீர்கள்.

இரத்மலானைத் தம்பதியருக்காக அந்த வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் தமிழில் எழுதியுள்ளோம். அதில் நட்டஈடு கேட்கவில்லை. எவரையுந் தண்டிக்கும்படி கேட்கவில்லை. அன்றிரவு இத்தாய் கூறியது என்னவென்று விளங்கிக்கொள்ளப்பட்டது, பரிசோதனை எப்போது செய்யப்பட்டது, பிள்ளை எதனால் இறந்தது என்ற மூன்று கேள்விகளே உள. விடை எதுவாயினும் அதை அந்தத் தாய்க்கு நேரிற் படித்துக் காட்டுவோம். விடை வராவிடில், வாசகர்களே, அதையும் இப்பத்தியிலேயே அறிவிப்போம்.